தோட்டத்துச் சாளையில அப்பா அம்மா மட்டும்: கேமராவா, கதவா, எதை முதல்ல செய்யறது?

இட்டேரி

வணக்கமுங்க. காங்கயத்துக்கும் வெள்ளகோயிலுக்கும் நடுவால எங்க தோட்டம். தார் ரோட்டுல இருந்து இட்டேரியில, அதான் ரெண்டு பக்கமும் வேலி இருக்கற மண் தடத்துல, 250 மீட்டர் உள்ள வந்தா சாளை (தோட்டத்து வீடு). அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. ரெண்டு பேரு மட்டும்தான் இருக்காங்க. பக்கத்துச் சாளை வடக்கால 400 மீட்டர் தள்ளி. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துல நடந்த கொலையும், 2025 மே மாசம் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தெரிய வந்த கொலையும் தோட்டத்து வீடுகள்லதான். அதுக்கப்புறம் தூக்கம் வர்றதில்லீங்க.

வீட்டு அமைப்பைச் சொல்லீர்றேன். ஓட்டு வீடு. முன்னாடி ரெட்டைக் கதவு, தேக்கு. பின்னாடி பொடக்காளிக்குப் போற கதவு பிளைவுட். கக்கூஸ் வெளிய 15 அடி தள்ளி. ஈ.பி. மீட்டர் பெட்டி முன் சுவத்துல, வெளிப்பக்கம். கட்டுத்தறி கிழக்கால 40 அடி. சோளத்தட்டுப் போர் பின் சுவத்தை ஒட்டி. ஒரு நாய் இருக்குது. மோட்டாருக்கு வேணுங்கற த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில வர்ற வாரம் அப்பா கிணத்துக்குப் போய் மோட்டார் போடறாரு. அம்மா காலையில நாலரைக்குப் பால் கறக்க எந்திரிக்கறாங்க.

கையில 80,000 ரூபாய் இருக்குது. கடையில நாலு கேமரா போட்டா போதும்ங்கறாங்க. சரிதானுங்களா?

கிரில் பட்டறை

கேமராவைக் கடைசியில வெச்சுக்கங்க. வந்தது யாருன்னு மறுநாள் காட்டறதுக்கு அது நல்லது. ராத்திரி ஒரு மணிக்கு உங்க அப்பா அம்மாவுக்கு வேணுங்கறது இருபது நிமிசம். ஆள் வந்து சேர்ற வரைக்கும் கதவு நிக்கணும். பணத்துல பாதிக்கு மேல கதவு, சன்னல், கூரைக்கே போகட்டும்.

தேக்குக் கதவுல பலகை உடையறதில்லீங்க, தாழ்ப்பாள்தான் பேந்து வரும். கழட்டிப் பாருங்க, முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ நாலு இருக்கும், அதுலயும் ரெண்டு துருப்பிடிச்சு ஆடும். கதவுக்கும் நிலைச் சட்டத்துக்கும் நடுவால கடப்பாரை முனையை விட்டு ஒரே நெம்பு, ஸ்க்ரூ மரத்தூளோட கீழ விழுந்துரும். அதனால தாழ்ப்பாளுக்கு 6 மி.மீ. போல்ட்டைக் கதவுக்கு ஊடால விட்டு உள்பக்கம் நட் போடுங்க. வெளிய தெரியற தலை ஸ்பானர் பிடிக்காத உருண்டைத் தலையா இருக்கோணும். நிலைச் சட்டத்துல இருக்கற நாதாங்கிக்கு 3 இஞ்ச் ஸ்க்ரூ.

அதுக்கு மேல ஒரு கணையம், அதான் கதவுக்கு உள்பக்கம் குறுக்கால போடற கட்டை. அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் மரத்துல இருந்துச்சு, அதேதான். 50-க்கு 6 மி.மீ. இரும்புப் பட்டா 4 அடி எடுத்தா 3 கிலோவுக்குள்ள வரும், அம்மாவே தூக்கிப் போட்டுக்கலாம். இடுப்பு உயரத்துல வைங்க, குனியற மாதிரி வெச்சா நாலு நாள்ல போடறதை விட்டுருவாங்க. கொக்கியைச் சுவத்துல மாட்டறதுலதான் தப்பு நடக்கும். சிமெண்ட்டுச் சுவரா இருந்தா 10 மி.மீ. ஆங்கர் போல்ட் பக்கத்துக்கு ரெண்டு போதும். பழைய சுண்ணாம்புச் சுவர், மண் சுவர்ல ஆங்கர் நிக்காது, கையில இழுத்தாலே வரும். அங்க சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் முழு போல்ட் விட்டு, வெளிய 4 இஞ்ச் தகடு வெச்சு வெல்டு பண்ணீருங்க.

பின் கதவை நம்பாதீங்க. பிளைவுட் கதவு பலதுல உள்ளே கூடு. அதுக்கு வெளிய ஒரு கிரில் கேட் வேணும்: 12 மி.மீ. சதுரக் கம்பி, 4 இஞ்சுக்கு ஒண்ணு. கீல்ல ஊசியை மேல தூக்கினா கேட் கழண்டுரும், அதனால ஊசித் தலையில ஒரு சொட்டு வெல்டிங் வெக்கச் சொல்லுங்க. பூட்டு வளையம் வெளிய தெரிஞ்சா கட்டர் வாய் போயிரும். பூட்டைச் சுத்தித் தகட்டுல ஒரு பெட்டி அடிச்சு, உள்பக்கம் இருந்து மட்டும் கை போற மாதிரி செய்யோணும். சாவி கிரில்ல இருந்து கையோ குச்சியோ எட்டாத எடத்துல, ஆனா எப்பவும் ஒரே ஆணியில தொங்கோணும். தீப்பிடிச்சா இருட்டுல தேட முடியாதுங்க.

தட்டுப் போரை நாளைக்கே 30 அடி தள்ளிப் போடுங்க. இப்ப அது ஓட்டுக்கு ஏறப் படிக்கட்டு, ஆள் ஒளிய மறைப்பு. ஓட்டைக் கையில தள்ளுனா நகரும். வீடு முழுக்க முடியாட்டி படுக்கற ரூம்புக்கு மட்டுமாவது கைமரத்துக்கு அடியில 2 இஞ்ச் வெல்டுமெஷ், 3 மி.மீ. கம்பியில அடிச்சிருங்க. ஏணி, கடப்பாரை, மம்முட்டி, அருவாள் எல்லாம் மோட்டார் ரூம்புக்குள்ள பூட்டுல இருக்கோணும். வர்றவன் கையில ஒண்ணும் கொண்டாராம உங்க கட்டுத்தறியிலயே எடுத்துக்குவான்.

ரோந்து

மேல சொன்னது அத்தனையும் செஞ்சுட்டு, ராத்திரி ஒரு சத்தம் கேட்டுக் கதவைத் தொறந்துட்டா எல்லாம் வீண். தோட்டத்து வீடுகள்ல பூட்டை உடைக்கறதை விட, உள்ள இருக்கறவங்களையே வெளிய வரவெக்கறது சுலபம். பைப்பைத் தொறந்துவிட்டு வாளியில தண்ணி விழுகற சத்தம். கண்ணுக்குட்டியை அவுத்து விடறது. மீட்டர் பெட்டியில பியூஸைப் புடுங்கறது. இது எது நடந்தாலும் விடியற வரைக்கும் வெளிய வரக் கூடாதுன்னு அப்பாகிட்ட ஒரு தடவை சொன்னாப் பத்தாது, பத்துத் தடவை சொல்லுங்க. தண்ணி போனாப் போகுது.

கரண்ட் போச்சுன்னா முதல்ல சன்னல் வழியாப் பக்கத்துச் சாளையில வெளக்கு எரியுதான்னு பாக்கோணும். அங்க எரிஞ்சு இங்க மட்டும் இல்லைன்னா உடனே போன். மீட்டர் பெட்டிக்குக் கூண்டு அடிச்சுப் பூட்டுங்க, ரீடிங் எடுக்க வர்றவருக்குத் தெரியற மாதிரி முன்னாடி கண்ணாடி வெச்சு.

112 அடிச்சா எடத்தைக் கேப்பாங்க. அந்தப் பதட்டத்துல "மாரியம்மன் கோயிலுக்கு மேற்கால"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது. கட்டில் பக்கத்துச் சுவத்துல பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்க: ஊராட்சி, தாலுக்கா, எந்த ரோடு, எந்தக் கல்லுல இருந்து எந்தக் கையில திரும்பறது, இட்டேரியில எத்தனை மீட்டர், சாளைப் பேரு, பட்டாதாரர் பேரு. வாய்க்கால் பக்கம் இருக்கறவங்க பி.ஏ.பி.யா (பரம்பிக்குளம்-ஆழியாறு) கீழ்பவானியா, எத்தனாவது மைலு, எந்த மடைன்னும் சேத்துக்கங்க. ரோட்டுல இருந்து இட்டேரி பிரியற எடத்துல ஒளிரும் பெயிண்டுல சாளைப் பேரும் அம்புக்குறியும் வேணும். ராத்திரி ஜீப் அந்த வளைவைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள பத்து நிமிசம் போயிரும்.

உங்க சிம்முக்கு டவர் இல்லாத மூலையிலயும் வேற கம்பெனி டவர் எட்டுச்சுன்னா 112 போகும். ஸ்மார்ட் போன் வெச்சிருந்தா 'காவல் உதவி' செயலியை ஏத்தி வைங்க, சிவப்புப் பட்டனை அழுத்துனா எடத்தோட போகும். அப்பாவுக்குப் பட்டன் போன்தான்னா 2-ஐ அமுத்திப் பிடிச்சா பக்கத்துச் சாளைக்கும், 3-க்கு உங்களுக்கும் போற மாதிரி செட் பண்ணுங்க. எண் தெரிஞ்சா மட்டும் பத்தாது, வாரத்துல ஒரு நாள் இருட்டுல போட்டுப் பழகோணும்.

உங்க சரகத்து ஸ்டேசன்ல போய், வயசானவங்க தனியா இருக்கற சாளைன்னு எழுதிக் குடுத்து, ரோந்துக்காரர் கையெழுத்துப் போடற பட்டா நோட்டு ஒண்ணை உங்க இட்டேரி முனையில வெக்கச் சொல்லிக் கேளுங்க. கல்யாணம், நோம்பின்னு வீட்டைப் பூட்டிட்டுப் போற நாளையும் சொல்லிட்டுப் போங்க.

வயரிங் வேலை

வெளக்கு, சைரன், கேமரா மூணையும் பிரிச்சுச் சொல்றேன். மூணுலயும் வெளக்குதான் பெருசு.

20 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட், மழைக்குத் தாங்கற ஐ.பி. 65, நாலு மூலைக்கு நாலு. 12 அடி உயரத்துல, வெளிச்சம் வீட்டுல இருந்து வெளிய போய் விழுகற மாதிரி. நிறையப் பேரு வேலிப் பக்கம் கம்பம் நட்டு வீட்டைப் பாத்து லைட் போடறாங்க. அப்படிப் போட்டா வெளிய நிக்கறவனுக்கு உள்ள இருக்கறவங்க தெரிவாங்க, உங்களுக்கு இருட்டுதான். பொழுது சாஞ்சா தானா எரியற சென்சார் சுவிட்ச் ஒண்ணு. நாலும் ராத்திரி 12 மணி நேரம் எரிஞ்சா நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி, ரெண்டு மாசத்துக்கு 58 யூனிட் சொச்சம். இது போகக் கட்டில் தலைமாட்டுல ஒரு சுவிட்ச், அதைப் போட்டா கட்டுத்தறி, கெணத்து மேடு, பொடக்காளி மூணும் ஒண்ணா எரியோணும். ஆள் வந்தா எரியற சோலார் லைட்டை இட்டேரி முனைக்கு மட்டும் வெச்சுக்கங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில அது சார்ஜ் ஏறாது, ஒண்ணு ரெண்டு வருசத்துல பேட்டரியும் மாத்தோணும்.

சைரன்ல ஏமாறாதீங்க. டப்பாவுல 110 டெசிபல்னு போட்டிருந்தா அது ஒரு மீட்டர்ல. தூரம் ரெட்டிப்பாக ரெட்டிப்பாக 6 டெசிபல் கொறையும். 400 மீட்டர்ல 58-தான் நிக்கும், மின்விசிறி ஓடற ரூம்புல தூங்கறவரை எழுப்பாது. 120 டெசிபல் ஹார்ன் வாங்குனா அங்க 68 வரும், வெளியில நிக்கறவருக்குக் கேக்கும். அதுக்கும் மேல, பட்டனை அமுத்துனா அஞ்சு நம்பருக்குப் போன் போற சிம் டயலர் பெட்டி ஒண்ணு சேத்துக்கங்க. சத்தம் திருடனை வெரட்டறதுக்கு, ஆளைக் கூப்பிடறதுக்குப் போன். ஹார்ன் ரெண்டு வேணும். ஒண்ணு எரவாரத்துல 15 அடிக்கு மேல, இன்னொண்ணு வயர் கண்ணுக்குப் படாம ஓட்டுக்கு உள்ள. பேட்டரி வீட்டுக்குள்ளதான்.

கேமரா: முகம் தெரியோணும்னா 9, 10 அடி உயரம். 15 அடியில வெச்சா தொப்பியும் தலைமுடியும்தான் பதியும். நாலுல ஒண்ணு கட்டாயமா இட்டேரி முனையைப் பாக்கோணும், வண்டி நெம்பருக்கு. ராத்திரியில கேமராவோட இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னாடி நூல் ஆடுனா திரை முழுக்க வெள்ளையடிக்கும். ராத்திரி முப்பது தடவை போன் கத்துனா நாலாம் நாள் அலர்ட்டை அணைச்சு வெச்சிருவீங்க. வாரம் ஒருக்கா ஒட்டடைக் குச்சி, அவ்வளவுதான் வைத்தியம். பதிவுப் பெட்டியை டி.வி. பக்கத்துல வெக்காதீங்க, தூக்கிட்டுப் போயிருவான். பீரோ மேல், பரண், அரிசி மூட்டைக்குப் பின்னாடி, காத்து போற மாதிரி. 2 மெகாபிக்சல் கேமரா நாலு, ஒவ்வொண்ணும் நொடிக்கு 2 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) பதிஞ்சா நாளைக்கு 86 ஜி.பி. ஆகும், 1 டி.பி. டிஸ்க்ல 11 நாள் நிக்கும். நோட்டம் பாக்க வந்தவன் அதுக்கு முந்தின வாரம் வந்திருப்பான், அதனால 2 டி.பி. போடுங்க. பெட்டி, கேமரா, ரூட்டர் சேத்து 60 வாட்டுன்னா 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரியில சுமார் 20 மணி நேரம் ஓடும், பேட்டரி புதுசா இருக்கற வரைக்கும்.

அப்பா கெணத்துக்குப் போறதை நிறுத்த மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டுங்க. கட்டில்ல இருந்தே போன்ல மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். சிம் சிக்னல் மோட்டார் ரூம்புல இருக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. தகரக் கூரைன்னா ஆன்டெனாவை வெளிய இழுத்து விடோணும்.

இட்டேரி

ரொம்ப நன்றிங்க. இன்னும் ரெண்டு கேள்வி. ராத்திரியில மட்டும் வேலிக் கம்பியில கரண்ட் விட்டா என்னன்னு பக்கத்துல ஒருத்தர் கேக்கறாரு. அப்பறம் துப்பாக்கி லைசென்ஸ்?

ரோந்து

கரண்ட் வேண்டவே வேண்டாங்க. வீட்டு லைனை நேரா வேலியில விட்டா முதல்ல சாகறது உங்க நாயோ, பால்காரரோ, ராத்திரித் தண்ணி பாய்ச்ச வரப்புல வர்ற பக்கத்துத் தோட்டத்துக்காரரோதான். செத்தது திருடனே ஆனாலும் வழக்கு உங்க மேல வரும். பாரதிய நியாய சன்ஹிதா 41-வது பிரிவு, பொழுது சாஞ்சு விடியறதுக்குள்ள வீட்டை உடைச்சு வர்றவனுக்கு எதிரா, உயிர் போற அளவுக்குக்கூடத் தற்காப்பு உரிமை தருது. ஆனா அது எதிர்ல ஆபத்து நிக்கற நேரத்துக்கு, தேவையான அளவுக்கு. ஆள் பாத்து அடிக்கத் தெரியாத கம்பியை ராத்திரி முழுக்க விட்டு வெக்கறது அதுக்குள்ள வராது.

சோலார் மின்வேலி வேற சங்கதி. அதுல இருக்கற எனர்ஜைசர் விட்டு விட்டு ஒரு நொடிக்கு ஒரு தட்டுத் தட்டும், அதிர்ச்சி வரும், உயிர் போகாது. காடு ஒட்டின பகுதியில அதுக்கு 2023 தமிழ்நாடு மின்வேலி விதிகள்படி பதிவு வேணும். உங்க வீட்டைச் சுத்தி அதுக்கு அவசியம் இல்ல, செடி சாஞ்சு கம்பியில பட்டா வேலையும் செய்யாது.

துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டப்படி ஆட்சியர்கிட்ட மனுக் குடுக்கலாம். பயிற்சி, பீரோ, தேர்தல் நேரத்துல ஒப்படைக்கறதுன்னு அலைச்சல் இருக்குது. 74 வயசுல தூக்கத்துல எந்திரிச்சு இருட்டுல கையாள முடியுமா? பறிபோச்சுன்னா அவங்களுக்கே திரும்பும். அந்தப் பணத்துக்குப் பின் கேட்டைப் போடுங்க.

சென்னிமலை அம்மிணி

யாருமே கக்கூஸைப் பத்திப் பேசலீங்களே. அதுதான் இந்த வீட்டுல பெரிய ஓட்டை. வயசானவங்க ராத்திரி ரெண்டு மூணு தடவை எந்திரிப்பாங்க. ஒவ்வொரு தடவையும் கணையத்தை எடுத்து, கேட்டைத் தொறந்து, 15 அடி இருட்டுல நடந்தா அத்தனை இரும்பும் எதுக்கு? படுக்கற ரூம்பை ஒட்டி 4-க்கு 6 அடியில ஒண்ணு கட்டி, உள்ள இருந்து கதவு வைங்க. செப்டிக் டேங்க் ஏற்கெனவே இருந்தா 4 இஞ்ச் பைப்புல சேத்துக்கலாம், 10 அடிக்கு ரெண்டரை இஞ்ச் சரிவு குடுத்தா அடைக்காது. அது முடியற வரைக்கும் சேர் மாதிரி இருக்கற கமோடு ஒண்ணு ரூம்புலயே இருக்கட்டும். கூச்சப்படுவாங்க, நாலு நாள்ல பழகிரும். குடிதண்ணிச் சொம்பு, மாத்திரை, டார்ச், போன் சார்ஜர் எல்லாம் அதே ரூம்புல.

வெயில் காலத்துல வாசல்ல கட்டில் போட்டுப் படுக்கறதையும் நிறுத்தோணும். வேணும்னா ஆசாரத்தை, அதான் முன்கூடத்தைச் சுத்திக் கிரில் அடிச்சு அதுக்குள்ள படுக்கட்டும், காத்தும் வரும்.

விடிகாலை நாலரைக்குக் கதவு தொறக்கும்னு ஊருக்கே தெரியும். பால் சொசைட்டிக்கு ஆறு மணிக்குள்ள ஊத்தினாப் போதும்னா கறவையை அஞ்சேகாலுக்குத் தள்ளுங்க. மாடு ஒரு வாரம் முரண்டு பிடிச்சு, பாலும் கொஞ்சம் கொறையும், அப்பறம் சரியாயிரும். கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடி எல்லா லைட்டையும் போட்டு, சன்னல்ல பாத்து, நாய் எங்க நிக்குதுன்னு கூப்பிட்டுப் பாக்கோணும். கூப்பிட்டு வராட்டி தொறக்கக் கூடாது. ஒருத்தர் வெளிய போனா இன்னொருத்தர் உள்ளே கேட்டைப் பூட்டிட்டு நிக்கோணும்.

நகை பேங்க் லாக்கருக்குப் போகட்டும். தீ, திருட்டு, பேங்க் ஆளோட மோசடியில லாக்கர் போச்சுன்னா வருச வாடகையில 100 மடங்கு வரைக்கும் பேங்க் பொறுப்புன்னு ரிசர்வ் பேங்க் விதி 2022 ஜனவரியில இருந்து இருக்குது. 100 மடங்குக்கு மேல நகை இருந்தா தனியா காப்பீடு போட்டுக்கங்க. கல்யாணத்துக்கு எடுத்த நகை சனி, ஞாயிறு வீட்டுல தங்கற மாதிரி எடுக்காதீங்க. தாலிக்கொடியைக் கழட்டச் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க. மஞ்சக் கயித்துல தாலியைக் கோத்துக்கிட்டு, கொடியை மட்டும் லாக்கர்ல வெக்கச் சொல்லுங்க, அது மனசுக்கு ஒப்பும். மஞ்சள், கொப்பரை, மாடு வித்த காசு கையில வாங்க வேண்டாம், கணக்குல வரட்டும். வாங்கினாலும் எத்தனைக்குப் போச்சுன்னு டீக்கடையில சொல்ல வேண்டாம்.

தேங்கா போட, களை வெட்ட வர்றவங்க ஆதார் நகலும் ஒரு போட்டோவும் வாங்கி வைங்க. நல்ல ஆள் யாரும் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. தண்ணி கேட்டு வர்ற ஆளுக்குச் சொம்பைக் கிரிலுக்கு வெளிய திண்ணையில வெச்சாப் போதும்.

கிளுவை வேலி

நாய் ஒண்ணு பத்தாது. ரெண்டு வேணும், ஒண்ணு ராத்திரி கிரிலுக்கு உள்ள. வெளிய இருக்கறதுக்கு ஏதாவது போட்டுக் கொன்னாலும் உள்ள இருக்கறது கொரைக்கும். ரெண்டுக்கும் ஒரே தட்டத்துல, ஒரே நேரத்துல, வீட்டு ஆள் கையால மட்டும் சோறு. ஒரு நாய் காரணமில்லாம நுரை தள்ளிச் செத்தா அதை வியாதின்னு விட்டுறாதீங்க. அன்னைக்கு ராத்திரியே சொந்தக்காரங்களைக் கூட்டியாந்து தங்க வெச்சு, ஸ்டேசனுக்கும் சொல்லீருங்க.

கினிக்கோழி ஆறு வளத்துங்க. ராத்திரி மரத்துல அடையும், அடியில ஆள் நடந்தா ஊரைக் கூட்டும். வாத்தும் அப்படித்தான். காட்டுல ஆக்காட்டிக் குருவி இருந்தா அதோட சத்தத்தையும் அப்பாவைக் கவனிக்கச் சொல்லுங்க. ஒரே எடத்துல நின்னு கத்துனா நரியோ நாயோ முட்டைகிட்ட நிக்கலாம். கத்திக்கிட்டே வீட்டுப் பக்கம் நகந்து வந்தா, கூட ஏதோ நடந்து வரலாம்.

வேலியைப் பத்தி: தோட்டத்து எல்லையில கிளுவை 6 அடி இருக்கட்டும், அடர்த்தியா முள்ளோட. வீட்டைச் சுத்தி 50 அடிக்குள்ள 3 அடிக்கு மேல விடாதீங்க, ஆள் குத்தவெச்சாலும் தலை தெரியோணும். சாளையைத் தொட்டுக்கிட்டு நிக்கற முருங்கையை வெட்டிருங்க. இட்டேரி ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மூடியிருந்தா ஜே.சி.பி. விட்டு 250 மீட்டரையும் வெளுத்துருங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரங்களைக் கேட்டுட்டுச் செய்யுங்க. படலுக்குப் பதிலா இரும்புக் கேட்டு போட்டு, ரெண்டு தூணுக்கும் நடுவுல கல்லு பதிச்சிருங்க. கேட்டுக்கு அடியில இடைவெளி விட்டா ஆள் ஊந்து வந்துருவான்.

இட்டேரி

தட்டுப் போரை இன்னைக்குச் சாயங்காலம் ஆள் விட்டுத் தள்ளிப் போடச் சொல்லிட்டனுங்க. மீட்டர் பெட்டிக் கூண்டுக்கும் பின் கேட்டுக்கும் அளவெடுக்க வெள்ளிக்கிழமை பட்டறை ஆள் வர்றாரு. முன் சுவரு சுண்ணாம்புக் காரைன்னு அப்பா சொல்றாரு, அதனால கணையத்துக்கு முழு போல்ட்டும் வெளித் தகடும்தான். பக்கத்துச் சாளைக்காரரோட நம்பரை 2-ல போட்டாச்சு. ராத்திரி எட்டு மணிக்கு லைட்டை அணைச்சுட்டு அப்பாவை அடிக்கச் சொல்லிப் பாக்கறேன்.